தட்டையான தகடு ஏன் இவ்வளவு இரைகிறது?

துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத் தகட்டில் நீளநீளமான மேடுகள் ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காரின் தரைவிரிப்பைத் தூக்கினால், அடியில் இருக்கும் தகட்டில் உள்ளங்கையளவு சமதளம் கிடைப்பதுகூட அரிது. வரிகளும் குழிவுகளும் குறுக்கு மடிப்புகளுமாக இருக்கும். இவை அழகுக்குப் போட்டவை என்று நினைப்பவர்கள் உண்டு. தகடு எளிதில் நசுங்காமல் இருக்கப் போட்டவை என்பவர்கள் உண்மைக்குக் கொஞ்சம் அருகில் வருகிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: இயந்திரத்தின் அதிர்வையும் இரைச்சலையும் அடக்குவது.

இரைச்சல் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் சொல்லும் வைத்தியங்கள் இரண்டு. தகட்டைக் கனமாகப் போடு. இல்லையென்றால் உள்ளே நுரைப்பஞ்சை ஒட்டு. இரண்டும் சில இடங்களில் பலிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பேசும் குரல் இந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்றால் கனம் உதவும். சுவரின் எடையை இரட்டித்தால் ஊடுருவி வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். (டெசிபல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் அலகு. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஒலி ஏறக்குறையப் பாதியானதுபோல் இருக்கும்.) காற்றில் ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒலியை நுரைப்பஞ்சு ஓரளவு உறிஞ்சும். ஆனால் தகடே அதிர்ந்து, தானே ஒலியை எழுப்பும்போது, நுரைப்பஞ்சு பிரச்சினையின் வேரைத் தொடுவதில்லை. மெல்லிய நுரைப்பஞ்சு ஒட்டிய தகடும் ஒட்டாத தகடும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் அதிரும். கனத்தைக் கூட்டுவதோ விலையையும் எடையையும் சேர்த்தே கூட்டுகிறது.

மூன்றாவது வழி, தகட்டின் வடிவத்தை மாற்றுவது. இதைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "மேடு போட்டால் விறைப்பாகும், விறைப்பானால் அமைதியாகும்." இந்த வாக்கியம் பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி வேலை செய்தவர்கள், முன்பைவிட அதிகமாக இரையும் தகடுகளைச் செய்து முடித்திருக்கிறார்கள். இரண்டு பாதிகளையும் முதலிலிருந்து பார்ப்போம்.

## ஒலியை எழுப்புவது எது?

ஓர் இசைக்கவையைத் தட்டிக் காற்றில் பிடித்தால் மிக மெல்லிய ஒலிதான் வரும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் அறை முழுவதும் கேட்கும். கவை புதிதாக எந்தச் சக்தியையும் பெற்றுவிடவில்லை. அதன் கரங்கள் மெலிந்தவை. அவை அசையும்போது காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. மேசைப்பலகை அகலமானது, அதனால் காற்றைத் தள்ள முடிகிறது.

இயந்திரங்களிலும் இதேதான் நடக்கிறது. மோட்டாரோ பம்போ கியரோ ஒரு விசையைத் தருகிறது. அந்த விசை திருகாணி, தாங்கி, சட்டம் வழியாக ஓடி, அகலமான ஒரு மெல்லிய தகட்டை அடைகிறது. தகடு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. இப்படித் திடப்பொருள் வழியாகப் பயணம் செய்து, கடைசியில் ஒரு பரப்பிலிருந்து காற்றில் இறங்கும் இரைச்சலைக் கட்டமைப்பு இரைச்சல் என்கிறோம். மோட்டார் கத்துகிறது என்று நாம் நினைக்கும் பல இடங்களில் உண்மையில் கத்துவது, மோட்டாரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மூடிதான்.

எனவே கேள்விகள் மூன்று. விசை எவ்வளவு? அந்த விசைக்குத் தகடு எவ்வளவு அசைகிறது? அந்த அசைவில் எவ்வளவு பங்கு ஒலியாக மாறுகிறது? வடிவ மாற்றம் முதல் கேள்வியைத் தொடுவதே இல்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றுகிறது. குழப்பமெல்லாம் மூன்றாவது கேள்வியை மறந்துவிடுவதால் வருவதுதான்.

## ஒவ்வொரு தகட்டுக்கும் தனக்கென்று சில அதிர்வெண்கள்

ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 2,000 முதல் 5,000 வரையிலான பகுதியில் அது மிகக் கூர்மை.

எந்தப் பொருளையும் தட்டிவிட்டு விட்டுவிட்டால், அது தனக்கே உரிய சில அதிர்வெண்களில் மட்டும் அதிரும். இவை இயல் அதிர்வெண்கள். பொருள் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, அதாவது வளைக்க எவ்வளவு விசை கேட்கிறதோ, அந்த அளவுக்கு இவை உயரும். எடை கூடினால் தாழும். இன்னும் துல்லியமாகச் சொன்னால், விறைப்பை எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்ததற்கு ஏற்ப அவை மாறும். விறைப்பு நான்கு மடங்கானால் இயல் அதிர்வெண் இரண்டு மடங்காகும்.

வெளியிலிருந்து வரும் விசையின் அதிர்வெண் இயல் அதிர்வெண்ணுடன் பொருந்திவிட்டால், சிறிய விசையே பெரிய அசைவை உண்டாக்கிவிடும். இது ஒத்ததிர்வு. நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் மோட்டாரின் சுழலியில் எடை சற்றே சமமின்றி இருந்தால், அது நொடிக்கு 25 முறை உலுக்கும். இனி 50 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஓர் எஃகுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு ஓரங்களும் மேலும் கீழும் நகராமல், கீல்போல் திரும்ப மட்டும் இடம் கொடுத்துத் தாங்கியிருந்தால், அதன் மிகக் குறைந்த இயல் அதிர்வெண் ஏறத்தாழ 25 ஹெர்ட்ஸ். மூடியாகப் போடும் சாதாரணத் தகட்டுக்கும் சாதாரண மோட்டாருக்கும் இப்படி ஒரு கெட்ட பொருத்தம் அமைவது அதிசயமே இல்லை.

வடிவத்தைச் செதுக்கி அதிர்வெண்ணை மாற்றும் கலை புதிதன்று. மணி வார்ப்பவர்கள் மணியின் உட்புறத்தில் உலோகத்தைக் கடைந்தெடுத்து அதன் சுரங்களைச் சரிசெய்தார்கள். ஹெமோனி சகோதரர்கள் 1644-இல் நெதர்லாந்தின் சட்ஃபென் நகருக்காக இப்படிச் சுதி சேர்த்த மணித்தொகுதியை உருவாக்கினார்கள். அவர்கள் தேடியது இனிய ஒலி. இங்கே நாம் தேடுவது ஒலியின்மை. கருவி ஒன்றுதான்.

## தகடு எப்படி அசைகிறது என்பதை மணல் காட்டும்

தகடு முழுவதும் ஒரே மாதிரி மேலும் கீழும் அசைவதில்லை. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் கிளாட்னி இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டி 1787-இல் எழுதினார். உலோகத் தகட்டின்மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லை இழுத்தார். மணல் துள்ளித் துள்ளி, சில கோடுகளில் மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோடுகளில் தகடு அசையவே இல்லை. அவை கணுக்கோடுகள். கோடுகளுக்கு நடுவே அதிகமாக அசையும் இடங்கள் எதிர்க்கணுக்கள். அதிர்வெண்ணை மாற்றினால் கோலமும் மாறும். ஒவ்வோர் இயல் அதிர்வெண்ணுக்கும் உரிய இந்த அசைவுக் கோலத்தை அதிர்வுப் பாங்கு என்போம்.

இந்தக் கோலங்களுக்குக் கணித விளக்கம் கேட்டுப் பாரிஸ் அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. 1816-இல் அதை வென்றவர் சோஃபி ஜெர்மைன். பெண் என்பதால் முறையான உயர்கல்வி மறுக்கப்பட்டவர் அவர். இன்று கணினியில் ஒரு தகட்டின் அதிர்வைக் கணக்கிடும் ஒவ்வொருவரும் அவர் திறந்த வழியில்தான் நடக்கிறார்கள். அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

நம் வேலைக்கு இதிலிருந்து கிடைப்பது: தகட்டில் எல்லா இடமும் ஒன்றல்ல. கணுக்கோட்டில் போட்ட மேடு அந்தப் பாங்கைத் தொடாமல் போகலாம். வேறோர் இடத்தில் போட்ட அதே மேடு நிலைமையையே மாற்றிவிடலாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். இரைச்சலின் கடைசி வாய் அகலமான தகடு. அதற்குச் சில இயல் அதிர்வெண்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அசைவுக் கோலம் உண்டு. இயந்திரத்தின் விசை அவற்றில் ஒன்றோடு பொருந்தினால் இரைச்சல் பெருகும்.

## ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளை அதன் ஓரத்தில் மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால், தொங்கிவிடும். பிடித்த ஓரத்தை லேசாக வளைத்து ஓடையைப்போல் ஆக்கினால், அதே தாள் நேராக நிற்கும். அதன்மேல் ஒரு பென்சிலைக்கூட வைக்கலாம். தாள் தடிக்கவில்லை. எடை கூடவில்லை. மாறியது வடிவம் மட்டும்.

என்ன நடந்தது? ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் ஒரு முகம் இழுபடுகிறது, மறுமுகம் அழுந்துகிறது. நடுவே இழுபடாமலும் அழுந்தாமலும் ஒரு மட்டம் இருக்கிறது. அந்த நடுமட்டத்திலிருந்து பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக அது வளைவை எதிர்க்கும். அதுவும் தூரத்துக்கு ஏற்ப அன்று, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. தட்டையான தாளில் எல்லாப் பொருளும் நடுமட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. வளைத்த தாளில் அதன் ஓரங்கள் மேலே ஏறிவிட்டன, நடுப்பகுதி கீழே இறங்கிவிட்டது. பொருள் நடுமட்டத்தை விட்டு விலகிப் போனதுதான் விறைப்பின் இரகசியம்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தட்டையான தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்ப, அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்பதற்கு ஏற்ப, மாறும். 1 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதிலாக 2 மில்லிமீட்டர் தகடு போட்டால் விறைப்பு 8 மடங்கு, எடை 2 மடங்கு. ஆகவே இயல் அதிர்வெண் இரண்டு மடங்குதான் ஆகிறது. முன்பு சொன்ன 50-க்கு 40 தகட்டில், 25 ஹெர்ட்ஸ் 50 ஆகும். எடை ஒன்றரை கிலோவிலிருந்து மூன்று கிலோவாகும்.

இப்போது அதே 1 மில்லிமீட்டர் தகட்டை வரிவரியாக அழுத்துவோம். பாதிப் பரப்பு நடுமட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் மேலே, மறுபாதி 3 மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும். வரிகள் ஓடும் திசையில் விறைப்பு 100 மடங்குக்கும் அதிகமாகிறது. தட்டையான தகட்டில் இதே விறைப்பைப் பெற வேண்டுமானால் ஏறத்தாழ நாலே முக்கால் மில்லிமீட்டர் தடிமனும், ஏழு கிலோவுக்கு மேல் எடையும் வேண்டும். விறைப்புக்கு இவ்வளவு மலிவான வழி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நெளிவெடுத்த இரும்புத் தகட்டுக்கு ஹென்றி ராபின்சன் பாமர் 1829-இல் லண்டனில் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது கூரைதான், தத்துவம் இதுவே.

ஆனால் அந்த "வரிகள் ஓடும் திசையில்" என்ற சொற்றொடரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. குறுக்குத் திசையில் தகடு விறைப்பதில்லை. தாளை விசிறிபோல் மடித்தால் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கும், மறுபக்கம் எளிதாக விரிந்து சுருங்கும் அல்லவா? தகடும் தன் பலவீனமான திசையைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கமாக வளைந்து அதிரும். ஒரே திசையில் இணைகோடுகளாக மேடு போட்ட பல தகடுகள் எதிர்பார்த்த பலனைத் தராததற்கு முதல் காரணம் இது.

மேலும் கீழும் வரி போடுவதைத் தவிர, தகடு முழுவதையும் மெல்லிய கவிகையாக வளைப்பது இன்னொரு வழி. இரு திசைகளிலும் வளைந்த பரப்பை மேலும் வளைக்க வேண்டுமானால், அதை இழுத்து நீட்டவும் வேண்டியிருக்கும். மெல்லிய தகட்டை வளைப்பது எளிது. நீட்டுவது மிகக் கடினம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கவிகைகூட விறைப்பைக் கணிசமாகக் கூட்டிவிடும். கார்க் கூரைகள் தட்டையாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

## எங்கே போடுவது, எப்படிப் போடுவது

தகட்டில் அழுத்தி எழுப்பிய நீண்ட மேட்டைப் புடைப்பு வரி என்றும், வட்டமான சிறு பள்ளத்தைக் குழிவு என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றை எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் போடுவது என்பதே கலை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தகட்டைப் பற்றியல்ல, விசையைப் பற்றி. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் அது ஏறத்தாழ 27 ஹெர்ட்ஸ். 6,000 சுற்றில் 200 ஹெர்ட்ஸ். காரின் தரைத்தகட்டுக்கு இந்த இடைவெளிக்குள் ஓர் இயல் அதிர்வெண் இருந்தால், ஏதோ ஒரு வேகத்தில் எஞ்சின் அதைத் தேடிப் பிடித்தே தீரும். ஓட்டுபவர் "ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காதை அடைக்கிறது" என்பார். எனவே முதல் இயல் அதிர்வெண்ணையே 200-க்கு மேலே கொண்டுபோய்விடுவது ஒரு நல்ல இலக்கு. மின்மாற்றிக்குக் கணக்கு வேறு: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் உள்ளகம் நொடிக்கு 100 முறை மிகச் சிறிதளவு நீண்டு சுருங்குகிறது. அங்கே 100-ம் அதன் மடங்குகளும் விலக்க வேண்டிய எண்கள். விசை ஒரே அதிர்வெண்ணில் நிலையாக இருந்தால், தகட்டின் அதிர்வெண்ணை அதிலிருந்து ஒதுக்கினாலே போதும். மேலேதான் போக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

அடுத்தது இடம். தொல்லை தரும் பாங்கில் தகடு எங்கே அதிகமாக வளைகிறதோ, அங்கே புடைப்பு வரி ஓட வேண்டும். வரி முடியும் இடம் தகட்டின் தாங்கப்பட்ட ஓரத்துக்கு அருகில் இருப்பது நல்லது. நடுவழியில் நின்றுபோன வரியின் முனையில் தகடு கீல்போல் மடங்கத் தொடங்கும். எல்லா வரிகளும் ஒரே கோட்டில் முடிந்தால் இன்னும் மோசம். அந்தக் கோடே ஒரு மடிப்பாகிவிடும். வரிகளைச் சாய்வாக, சீர்மையின்றி, ஒன்றின் முனை இன்னொன்றின் நடுவுக்கு எதிரே வரும்படி அமைப்பது இதைத் தவிர்க்கத்தான். காரின் அடித்தகட்டில் வரிகள் தாறுமாறாகத் தெரிகின்றனவே, அவை கவனமாகத் திட்டமிட்ட தாறுமாறு.

ஆழம் கூடக் கூட விறைப்பு வேகமாகக் கூடும் என்றாலும் உலோகத்துக்கு ஒரு எல்லை உண்டு. அச்சில் வைத்து அழுத்தும்போது தகடு நீள்கிறது. நீளும் இடம் மெலிகிறது. அளவு மீறினால் கிழியும். அழுத்திய பிறகு உள்ளே தங்கிவிடும் இழுவிசை, பக்கத்தில் இருக்கும் சமதளப் பகுதியைச் சற்றே உப்பவைத்து, விரலால் அமுக்கினால் "டப்"பென்று உட்குழியும் நிலைக்குக் கொண்டுவரக்கூடும். அந்தச் சத்தமே ஒரு புதிய தொல்லை. வடிவமைப்பவரும் அச்சு செய்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது.

## விறைப்பு கூடினால் இரைச்சலும் கூடலாம்

இனி மறந்துபோகும் மறுபாதி. மூன்றாவது கேள்வி நினைவிருக்கட்டும்: அசைவில் எவ்வளவு பங்கு ஒலியாக மாறுகிறது?

தகட்டின் ஒரு பகுதி மேலே போகும்போது பக்கத்துப் பகுதி கீழே போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே போகும் பகுதி தள்ளிய காற்று, கீழே போகும் பகுதி உண்டாக்கிய வெற்றிடத்துக்குள் நழுவிவிடுகிறது. காற்று இங்கிருந்து அங்கே ஓடியதே தவிர, அழுத்தப்பட்டு ஒலியலையாகப் புறப்படவில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அதோடு ஒப்பிட்டால் அரை மீட்டர்த் தகட்டின் இரு பாதிகளும் மிக அருகில் இருக்கின்றன. அவற்றின் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தகடு முழுவதும் ஒரே பக்கமாக உப்பி அடங்கும் பாங்கில் இந்த அழிப்பு இல்லை. அதனால் அதுவே மிக அதிகமாக இரைகிறது. ஒரு பாங்கு ஒலியை எவ்வளவு திறம்படக் காற்றுக்குக் கொடுக்கிறது என்பதை ஒலி உமிழ்வுத் திறன் என்று சொல்வோம்.

இங்கேதான் விறைப்பு எதிரியாகிறது. தகட்டில் ஓடும் அதிர்வு வளைவு அலையாக ஓடுகிறது. அதன் வேகம் அதிர்வெண்ணோடும் விறைப்போடும் கூடும். 1 மில்லிமீட்டர் எஃகில் 100 ஹெர்ட்ஸ் வளைவு அலை நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான் ஓடும். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. தகட்டலை காற்றலையைவிட மெதுவாக ஓடும்வரை, மேடும் பள்ளமும் நெருக்கமாக இருக்கும். மேலே சொன்ன அழிப்பு நடக்கும். இரண்டு வேகங்களும் சமமாகும் இடம் மாறுநிலை அதிர்வெண். அதற்கு மேலே அழிப்பு முடிவுக்கு வந்து, தகடு முழுத்திறனோடு ஒலியை உமிழத் தொடங்கும். 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டுக்கு இது 12,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருக்கிறது. காதுக்குத் தொல்லை தரும் பகுதியைத் தாண்டி வெகுதூரம். விறைப்பைக் கூட்டினால் இந்த எல்லை கீழே இறங்கிவரும். புடைப்பு வரிகளால் மிகவும் விறைத்த தகட்டில், காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதிக்கே அது வந்துவிடலாம். தகடு முன்பைவிடக் குறைவாக அசையும். ஆனால் அசைவதையெல்லாம் ஒலியாக்கிவிடும்.

ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு இதற்கு நல்ல சாட்சி. தட்டையான காகிதம் கண்டபடி நெளியும். நெளிந்தால் ஒலி அழிந்துபோகும். அதைக் கூம்பாக்கினால் விறைத்து, முழுமையாக ஒரே துண்டாக முன்னும் பின்னும் போய், காற்றை நன்றாகத் தள்ளும். நாம் இரைச்சலை அடக்கப் பயன்படுத்தும் அதே உத்தியை ஒலிபெருக்கி செய்பவர்கள் ஒலியைக் கூட்டப் பயன்படுத்துகிறார்கள். தேன்கூட்டு நடுவுடன் செய்த இலேசான, மிக விறைப்பான பலகைகள் ஒலியைத் தடுப்பதில் பின்தங்குவதும் இதனால்தான்.

அப்படியானால் புடைப்பு வரி நல்லதா, கெட்டதா? விசை குறைந்த அதிர்வெண்களில் மட்டும் இருக்கிறது, அதை இயல் அதிர்வெண்கள் தாண்டிவிடும் என்றால் நல்லது, சந்தேகமே இல்லை. விசை சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிக்கிடக்கிறது என்றால் (கியர்ப்பெட்டியும் டீசல் எஞ்சினும் அப்படித்தான்) விறைப்பைக் கண்மூடித்தனமாகக் கூட்டுவது ஆபத்து. இயந்திரம் எந்த அதிர்வெண்களில் உலுக்குகிறது என்று கேட்காமல் "மேடு போடுங்கள்" என்று ஒருவர் அறிவுரை சொன்னால், அந்த அறிவுரையை நான் ஏற்கமாட்டேன்.

சுருக்கிச் சொன்னால், வடிவம் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் திருகுகிறது. ஒன்று தகடு எவ்வளவு அசைகிறது என்பது. மற்றொன்று அசைவு எவ்வளவு ஒலியாகிறது என்பது. முதலாவது குறையும்போது இரண்டாவது ஏறக்கூடும். கணக்கிட வேண்டியது இரண்டின் பெருக்கலை.

## அசையட்டும், ஆனால் ஒலிக்காமல்

இதிலிருந்து அழகான ஒரு யோசனை பிறக்கிறது. தகடு அசைவதை நிறுத்த முடியாவிட்டால், அது ஒலிக்காத விதத்தில் அசையும்படி செய்ய முடியாதா? முடியும். மேலே போகும் பரப்பு தள்ளும் காற்றும் கீழே போகும் பரப்பு இழுக்கும் காற்றும் சமமாகும்படி, அதிர்வுப் பாங்கின் கோலத்தையே மாற்றி வடிவமைக்கலாம். குழிவுகளைச் சில இடங்களில் போட்டு அங்கே விறைப்பைக் கூட்டினால் கணுக்கோடுகள் நகரும். நகர்த்தி நகர்த்தி இந்தச் சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். கண்ணால் பார்த்தால் தகடு நன்றாகவே அதிரும். காதுக்கு மிகக் குறைவாகவே எட்டும். எதிர்மாறாக, ஏற்கெனவே தன்னைத் தானே அழித்துக்கொண்டிருந்த ஒரு பாங்கின் சமநிலையை, தெரியாமல் போட்ட ஒரு மேடு கெடுத்துவிடவும் கூடும்.

இதைக் கையால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கணினியில் தகட்டை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சற்று உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்து, மொத்த ஒலி குறையும் வடிவத்தை நோக்கிப் படிப்படியாக நகர்வார்கள். கிடைக்கும் வடிவத்தை அப்படியே அச்சில் ஏற்ற முடியாது. அதைக் கிழியாமல் அழுத்தக்கூடிய வடிவமாக மனிதர் ஒருவர் திருத்த வேண்டும்.

வேறொரு திசையிலிருந்தும் வடிவம் உதவுகிறது. தகட்டின் ஓரத்தை நோக்கித் தடிமன் படிப்படியாக, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அல்லது அதைவிட விரைவாகக் குறைந்துகொண்டே போனால், வளைவு அலையும் வேகம் குறைந்துகொண்டே போகும். தடிமன் முழுதாகச் சுழியாகிவிட்டால் அலை ஓரத்தை அடையவே அடையாது. எனவே திரும்பியும் வராது. ரஷ்ய அறிவியலாளர் மிரோனோவ் 1988-இல் இதைச் சொன்னார். இதற்கு ஒலிக் கருந்துளை என்று பெயர் வந்துவிட்டது. நடைமுறையில் எந்த ஓரத்தையும் சுழி அளவுக்குக் கூர்மையாக்க முடியாது. அதனால் மெலிந்த முனையில் மட்டும் சிறிதளவு ரப்பர் போன்ற பொருளை ஒட்டுகிறார்கள். அலை வேகம் குறைந்து அங்கே குவிவதால், அந்தச் சிறு அளவே நிறைய வேலை செய்கிறது.

## வடிவத்தால் முடியாதது

வடிவம் அதிர்வின் ஆற்றலை அழிப்பதில்லை. ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கரைப்பது வேறு வேலை. அதற்குத் தணிப்பு என்று பெயர். எஃகுக்குத் தானாகவே இருக்கும் தணிப்பு மிகக் குறைவு. தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். கார்க் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தார் கலந்த தடித்த அட்டை, தணிப்பைக் கூட்டத்தான். அதற்கும் நுரைப்பஞ்சுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது: தார் அட்டை தகட்டோடு சேர்ந்து வளைந்து, தகட்டின் அதிர்வையே கரைக்கிறது.

அதிர்வெண் உயர உயர இயல் அதிர்வெண்கள் நெருக்கமாக வந்துவிடும். சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒன்றை விலக்கினால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்து நிற்கும். அங்கே வடிவத்தைவிடத் தணிப்புக்கே பலன் அதிகம். தாழ்ந்த அதிர்வெண்ணில் வடிவம், உயர்ந்த அதிர்வெண்ணில் தணிப்பு என்று வேலையைப் பிரித்துக்கொள்வது பெரும்பாலும் சரியாக வரும். இவை இரண்டுக்கும் முன்னால், சமமின்றிச் சுழலும் பாகத்தைச் சரிசெய்வதும், மோட்டாருக்கு அடியில் ரப்பர்த் தாங்கி வைத்து விசை தகட்டுக்குப் போகும் வழியை அறுப்பதும் வர வேண்டும்.

## ஏற்கெனவே இரையும் தகடு

புதிதாக வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் சுதந்திரம், வாங்கிப் பொருத்திவிட்ட இயந்திரத்தின் உரிமையாளருக்குக் கிடையாது. ஆனாலும் சிலவற்றைச் செய்யலாம். இயந்திரம் இரையும்போது ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சுடும் பாகங்களும் சுழலும் பாகங்களும் இல்லாத இடத்தில் மட்டும். எந்தத் தகட்டை அழுத்தும்போது இரைச்சல் சட்டென்று மாறுகிறதோ, அதுவே வாய். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தத் தகட்டை விரல்முட்டியால் தட்டுங்கள். நீண்டு முழங்கினால் தணிப்பு குறைவு: தார் அட்டையைத் தகட்டின் நடுப்பகுதியில், அதிகமாக வளையும் இடத்தில் ஒட்டினால் பலன் கிடைக்கும்; ஓரங்களில் ஒட்டியது பெரும்பாலும் வீண்.

குளிர்சாதனக் காற்றுக் குழாய்களைச் செய்பவர்கள் அகலமான பக்கங்களில் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் இரண்டு மெல்லிய மடிப்புகளைப் போடுகிறார்கள். மின்விசிறி ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் தட்டைப் பக்கங்கள் உப்பி அடங்கி முழங்காமல் இருக்க அது போதும். அப்படி மடிப்பில்லாத தட்டைத் தகட்டை மாற்றிப் போடும் வாய்ப்பு வந்தால், தகடு வெட்டுபவரிடம் அந்த மடிப்பைக் கேட்டு வாங்குங்கள். பொருத்திய பிறகு ஒரே ஒரு வேகத்தில் மட்டும் இயக்கிப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இயந்திரம் ஓடக்கூடிய எல்லா வேகங்களிலும் மெதுவாக ஏற்றி இறக்கிக் கேளுங்கள். நகர்ந்துபோன இயல் அதிர்வெண் வேறொரு வேகத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.